அஸ்வினிக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு ஃபோர்ட்ரான்

உலகத்தில் பெரும்பாலான காரியங்களைத் தொடங்கி வைப்பவர்கள் அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான். ஒன்றும் தெரியாதவர் பயந்து ஒதுங்கிக்கொள்வார். நன்றாகத் தெரிந்தவர் யோசித்துக்கொண்டே இருப்பார். ஆறு வாரம் பயிற்சி முடித்துவிட்டு வந்த ஆள்தான் "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று முன்னால் வந்து நிற்பார். எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் அப்படி முன்னால் வந்து நின்ற ஆள் நான்.

அப்போது நான் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு நெடுங்காட்டில். அப்பா நெல் விவசாயம். கல்லூரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்கள் என்றதும், யாராவது ஒருவர் மெட்ராஸ் போய் அதை இயக்கக் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்று பேச்சு வந்தது. மூத்த பேராசிரியர்களில் ஒருவருக்கு மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. இன்னொருவருக்கு மகள் பிரசவம். மூன்றாமவர் "இந்த வயசுல எனக்கு எதுக்கு" என்றார் (அவருக்கு நாற்பத்திரண்டு). மிச்சம் இருந்தவள் நான்.

அங்கே ஃபோர்ட்ரான் சொல்லிக் கொடுத்தார்கள். கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த கம்ப்யூட்டர் மொழி அது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அணி. அணி என்றால் வேறொன்றுமில்லை, எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி வைப்பது. படுக்கையாகப் போகும் வரிசைக்கு நிரை என்று பெயர், செங்குத்தாக இறங்குவது நிரல். எந்தக் கட்டம் வேண்டுமோ அதை இரண்டு எண்களால் கூப்பிடலாம். A(3,7) என்றால் மூன்றாவது நிரை, ஏழாவது நிரல். சினிமாக் கொட்டகையில் மூன்றாவது வரிசை, ஏழாவது நாற்காலி என்பதைப் போல. A(7,3) என்றால் ஏழாவது வரிசை, மூன்றாவது நாற்காலி. மாற்றிச் சொன்னால் வேறு யாரோ ஒருவர் மடியில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஊர் திரும்பியதும் என்னோடு பேசுவதே மற்றவர்களுக்குச் சிரமமாகிவிட்டது. இட்லித் தட்டைப் பார்த்தால் அணி. கொடியில் காயும் துணி அணி. நாற்று நடும் இடத்தில் போய் நின்றுகொண்டு, "அப்பா, இந்த வயலை ஓர் அணின்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்தேன்.

அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வச்சுக்கறேன். வச்சுக்கிட்டா வாய்க்கால்ல தண்ணி வந்துருமா?" என்று கேட்டார்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா கௌரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சேகர் தருமபுரத்துக்காரர், பேங்கில் வேலை. பெண் பார்க்க வந்தபோது சொஜ்ஜி வைத்திருந்த தட்டை வாங்கத் தெரியாமல் வாங்கி, தன் வெள்ளைச் சட்டை முழுக்கக் கொட்டிக்கொண்டவர். அக்கா அன்றைக்கே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டாள். அவருடைய அப்பா கனகசபை மாமா மேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் (எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் நகராட்சி அலுவலகத்தை மேரி என்றுதான் சொல்வார்கள்). அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி ராஜேஸ்வரி அத்தை பேசிவிடுவார். தை மாசம் முகூர்த்தம் வைத்திருந்தார்கள்.

தீபாவளி கழிந்து கல்லூரியில் கண்காட்சி. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"விமலா, கம்ப்யூட்டர் முன்னாடி ஊரே வந்து நிக்கணும். என்ன பண்ணப் போற?"

"மூணு மாறிகள் உள்ள சமன்பாடுகளைத் தீர்த்துக் காட்டலாம் சார்."

"நிக்கணும்னு சொன்னேன். ஓடணும்னு சொல்லல."

வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டிருந்தபோது சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கம் கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு நாள் பார்க்க அப்பா வாங்கியது. அதில் நட்சத்திரப் பொருத்த அட்டவணை ஒன்று இருந்தது. இடது பக்கம் மேலிருந்து கீழாகப் பெண்ணின் நட்சத்திரங்கள், அஸ்வினி முதல் ரேவதி வரை இருபத்தேழு. தலைப்பில் இடமிருந்து வலமாக ஆணின் நட்சத்திரங்கள், அதே இருபத்தேழு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று ஓர் எண். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அணி. சுத்தமான, சதுரமான, இருபத்தேழுக்கு இருபத்தேழு அணி. பெண் நிரை, ஆண் நிரல். பெண் உத்திரம், ஆண் அஸ்வினி என்றால் A(12,1). அவ்வளவுதான், தீர்ந்தது.

எண்களை உள்ளே ஏற்ற வேண்டும். நான் படித்துக்கொண்டே தட்டினால் வரி தவறிவிடும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌரி அக்காவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அறையில் குளிர்பதன வசதி உண்டு, செருப்பை வெளியே விட வேண்டும், உள்ளே உரக்கப் பேசக் கூடாது. கிட்டத்தட்ட கர்ப்பக்கிரகம். அக்கா புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அஸ்வினிப் பெண்ணுக்கு இருபத்தேழு ஆண்கள், பிறகு பரணிப் பெண்ணுக்கு இருபத்தேழு ஆண்கள்.

"ஏன்டி, இத்தனை ஜோடியையும் யாரு கல்யாணம் பண்ணிவச்சுப் பாத்து மார்க்குப் போட்டா?" என்றாள் நடுவில்.

"படிக்கா, பேசாம."

"அடுத்து என் வரி வருது. கொஞ்சம் மரியாதையாத் தட்டு."

சாயங்காலம் எழுநூற்றுச் சொச்சம் எண்களும் உள்ளே போயின. அவற்றை அணிக்குள் அடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எந்த எண் எந்தக் கட்டத்துக்கு என்று நாமே முறையாகச் சொல்லி நான்கைந்து வரிகள் எழுதுவது. இன்னொன்று, "இந்தா A, நீயே படித்து நிரப்பிக்கொள்" என்று ஒரே வரியில் முடிப்பது. ஒரே வரி அழகாக இருந்தது. அதைத்தான் எழுதினேன்.

மெட்ராஸ் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு முழு வகுப்பு நடந்திருக்கிறது. அந்த வகுப்பில் நான் இருந்தேன், மறுக்கவில்லை. கடைசி பெஞ்சில், நோட்டின் பின்னட்டையில், என் பெயருக்குக் கீழே "கம்ப்யூட்டர் நிபுணர்" என்று எழுதினால் நன்றாக இருக்குமா, பக்கத்தில் எழுதினால் நன்றாக இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை செய்யாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெண் அஸ்வினி, ஆண் அஸ்வினி கொடுத்துப் பார்த்தேன். பஞ்சாங்கத்தில் இருந்தது அப்படியே வந்தது. ரோகிணிக்கு ரோகிணி, சரி. ரேவதிக்கு ரேவதி, சரி. நினைவு வைத்துக்கொள்ளச் சுலபமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் ஒரே நட்சத்திரத்தையே இரண்டு பக்கமும் கொடுத்தேன். கணக்கு படித்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

கண்காட்சியன்று மழை. மழைக்கு ஒதுங்கியவர்கள், பிள்ளைகளைக் காட்ட வந்தவர்கள், கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக்காரர்கள் என்று எங்கள் அறை வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. பக்கத்து அறையில் விலங்கியல்காரர்கள் பாட்டிலில் போட்டு வைத்திருந்த இரட்டைத் தலைக் கன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை.

முதலில் பிரின்சிபாலும் அவர் மனைவியும். நட்சத்திரங்களைத் தட்டினேன். எண் கூடுதலாக இருந்தால் "உத்தமம்", குறைவாக இருந்தால் "பொருத்தம் இல்லை" என்று அச்சடிக்கச் சொல்லியிருந்தேன். பிரிண்டர் கிர்ர்ரென்று கத்தி ஒரு தாளைத் துப்பியது. தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் "உத்தமம்". பிரின்சிபால் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வரிசையாக வந்தார்கள். கருக்களாச்சேரியிலிருந்து ஒரு மீன்காரம்மா புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "பொருத்தம் இல்லை" என்று வந்தது. நான் தயங்கித் தயங்கிப் படித்துச் சொன்னேன்.

"இதச் சொல்றதுக்கா ஏசி போட்டு வச்சிருக்கீங்க? என்னக் கேட்டிருந்தா வாசல்லயே சொல்லிருப்பேனே" என்றார் அந்த அம்மா. புருஷன்காரர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மத்தியானம் ராஜேஸ்வரி அத்தை வந்தார். பின்னால் கனகசபை மாமா குடையோடு. கூடவே தருமபுரத்துத் தெருவில் பாதி.

"எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணோட தங்கச்சி. மெட்ராசுல போயி படிச்சுட்டு வந்துருக்கு" என்று அத்தை கூட்டத்துக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "முதல்ல எங்களுக்குப் போடும்மா. நான் மகம், அவங்க உத்திராடம்."

உத்தமம். அத்தை அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டினார். மாமாவும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் லேசான ஆச்சரியம் தெரிந்தது.

"இப்ப நம்ம பிள்ளைங்களுக்குப் போடு. பொண்ணு உத்திரம், பையன் அஸ்வினி."

இங்கே என்னைத் தடுத்திருக்க வேண்டியது யார் என்று இன்றும் யோசிக்கிறேன். யாருமில்லை. ஏற்கெனவே ஜோசியர் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிய சம்பந்தம். நானோ கைதட்டல் வாங்கப் போகிற முகத்தோடு தட்டினேன். பிரிண்டர் கத்தியது. தாளைக் கிழித்து, பார்க்காமலேயே, இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "பொ... ருத்... தம்... இல்... லை."

அத்தை என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மாமா குடையைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "மிஷினு பொய் சொல்லாதுல்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்கள். அத்தை தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். அவர் பேசாமல் போனதை ஊர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது.

மறுநாள் அத்தையின் தம்பி நெடுங்காட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில், "தை மாசத்துக்கே பண்ணணுமா, கொஞ்சம் யோசிக்கலாமேன்னு அக்கா சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

அப்பா வாய்க்கால் பக்கம் போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்தால் அங்கேதான் போவார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஜோசியன் சேர்த்து வச்சத இவ பிரிச்சு வச்சுட்டா. இதுக்குத்தான் ஆறு வாரம் படிச்சாளாம்" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அந்த மிஷினுக்கு நான்தான்டி எல்லா நம்பரையும் படிச்சுக் குடுத்தேன்" என்றாள். "தொண்டை கட்டிப்போச்சு. என் வரிய மரியாதையாத் தட்டுன்னுகூடச் சொன்னேன்."

நான் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கம்ப்யூட்டர் அறையில் அணி முழுவதையும் அச்சடித்து, பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். முதல் நிரை முதல் எண் சரி. இரண்டாவது எண் தப்பு. மூன்றாவதும் தப்பு. ஆனால் அந்தத் தப்பான எண்களை எங்கேயோ பார்த்திருந்தேன். பஞ்சாங்கத்தின் முதல் வரியை மறுபடி படித்தேன். அது என் தாளில் படுக்கையாக இல்லை, மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது.

மெட்ராஸ் வாத்தியாரின் குரல் அப்போதுதான் காதில் விழுந்தது, பல மாதம் தாமதமாக. ஃபோர்ட்ரானிடம் பொதுவாக "நிரப்பிக்கொள்" என்று சொன்னால் அது நிரை நிரையாக நிரப்பாது, நிரல் நிரலாகத்தான் நிரப்பும். நாங்கள் படுக்கையாகப் படித்துக் கொடுத்ததை அது செங்குத்தாக அடுக்கியிருந்தது. பெண்ணெல்லாம் ஆணாகவும் ஆணெல்லாம் பெண்ணாகவும் மாறிவிட்டிருந்தார்கள். பொருத்தம் பார்ப்பதில் பெண் நட்சத்திரத்திலிருந்து ஆண் நட்சத்திரத்துக்கு எண்ண வேண்டும்; திருப்பி எண்ணினால் கதையே வேறு. உத்திரம் அக்கா, அஸ்வினி சேகர் என்று நான் கேட்க, அது அஸ்வினி அக்காவுக்கும் உத்திரம் சேகருக்கும் பதில் சொல்லியிருக்கிறது. ஒரே நட்சத்திரத்தை இரண்டு பக்கமும் கொடுத்தால் மட்டும் எப்படித் திருப்பினாலும் அதே கட்டம்தான் வரும். நான் தேடிப் பிடித்துச் சோதித்ததெல்லாம் அந்தக் கட்டங்களைத்தான்.

ஒரே வரியை அழித்துவிட்டு நான்கு வரிகள் எழுதினேன். A(12,1) கேட்டேன். உத்தமம்.

அடுத்து தருமபுரம். அத்தை வாசலிலேயே நிறுத்தி, "என்னம்மா" என்றார். அணி, நிரை, நிரல் என்று ஆரம்பித்தேன். அத்தையின் கண் தெருப்பக்கம் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறு மாதிரி சொன்னேன்.

"அத்தை, பந்தியில வரிசை வரிசையா இலை போட்டிருக்குன்னு வச்சுக்குங்க. ஒரு வரிசைய முடிச்சுட்டுத்தானே அடுத்த வரிசைக்குப் போகணும்? இந்த மிஷினு குறுக்க பூந்து, எல்லா வரிசையிலயும் முதல் இலைக்குப் பரிமாறிட்டு, அப்புறம் எல்லா வரிசையிலயும் ரெண்டாவது இலைன்னு போயிருக்கு. ஆளாளுக்குன்னு எண்ணி எடுத்துவச்ச சாப்பாடு மாறிப்போச்சு."

அத்தை யோசித்தார். "அப்ப கௌரி இலையில விழுந்தது வேற யாரு சோறோ?"

"அதேதான் அத்தை."

"அப்படிப் பரிமாறச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ம்" என்றார் அத்தை. உள்ளே திரும்பி, "ஏங்க, குடைய எடுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் அறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, விஷயம் கேள்விப்பட்டு பிரின்சிபாலும் வந்து நின்றிருந்தார். நான் உத்திரம், அஸ்வினி தட்டினேன். கிர்ர்ர். உத்தமம். அத்தை தானே தாளைக் கிழித்து எடுத்துப் படித்தார். இடுப்பிலிருந்து பழைய தாளை எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்த உயிர் உட்காருவதற்குள் அத்தை சொன்னார்: "அப்படியே எங்களுக்கும் ஒருக்கா போட்டுடும்மா."

"அது எதுக்கு அத்தை, அன்னைக்கே போட்டாச்சே."

"அன்னைக்குத்தான் பந்தி மாறிப்போச்சுன்னியே."

"ரிப்பன் தீந்துபோற மாதிரி இருக்கு."

"இப்பதான் நல்லா அடிச்சுது" என்றார் கனகசபை மாமா. அவர் தாமாக முன்வந்து பேசியது அன்று அதுவே முதல் தடவை.

மகம், உத்திராடம் என்று தட்டினேன். பிரிண்டர் அன்றைக்கென்று நிதானமாக அடித்தது. பொருத்தம் இல்லை.

அத்தை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். "எங்கம்மா அப்பவே சொன்னாங்க" என்றார் மெதுவாக.

பிரின்சிபால் தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "விமலா, எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், போகிற போக்கில் திரும்பி வந்து, "எங்களதப் போட்டுப் பாத்துட மாட்டியே?" என்று காதோடு கேட்டார்.

அத்தை சட்டென்று நிமிர்ந்தார். "பழசையே திருப்பி வச்சுடும்மா. அதுதான் சரியாச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"பழசை வச்சா அக்காவுக்கும் உங்க பையனுக்கும் பொருத்தம் போயிடும் அத்தை."

"அவங்களுக்குப் புதுச வச்சுக்க. எங்களுக்குப் பழச வச்சுக்க."

"ஒரே அணிதான் அத்தை. ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்."

அந்த அறையில் அன்று ஓர் அம்மாவும் ஒரு மனைவியும் ஒரே ஆளுக்குள் நின்று மல்லுக்கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். என் அக்காவின் வாழ்க்கை அந்தச் சண்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தேன்.

மாமா குடையை மேசைமேல் சாய்த்து வைத்தார்.

"ராஜி, நம்ம கல்யாணம் நடந்து முடிஞ்சுடுச்சு. அத இனிமே யாராலயும் நிறுத்த முடியாது. பிள்ளையோடது இன்னும் நடக்கல. புதுசையே வச்சுக்கலாம்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொருத்தம் இல்லன்னு வந்ததுல ஒங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லபோல."

"இப்பதான் காரணம் தெரிஞ்சுது. அதுல ஒரு நிம்மதி" என்றார் மாமா. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டார். எனக்கும் வந்தது, ஆனால் நான் சிரிக்கக்கூடிய நிலையில் இல்லை.

இந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் காப்பாற்றினேன். மாமாவிடம் சத்தியம் வாங்க மறந்துவிட்டார். அன்று மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

தை மாதம் கல்யாணம் நன்றாக நடந்தது. சேகர் அத்தான் பந்தியில் பாயசத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். கல்லூரி ஆசிரியர்கள் மனைவியோடு வரும்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். கண்காட்சியில் உத்தமம் வாங்கியவர்களில் ஒருவர்கூட மறுபடி வந்து சரிபார்க்கவில்லை. பொருத்தம் இல்லை என்று வாங்கியவர்களில் அநேகம் பேர் வந்தார்கள். அந்த மீன்காரம்மா மட்டும் வரவில்லை. கடைத்தெருவில் பார்த்து, "ஒங்களுக்கு மாறியிருக்கும், வந்து பாருங்க" என்றேன். "எதுக்கு? அத வச்சுத்தான் அவரு இப்ப அடங்கி இருக்காரு" என்றார்.

கனகசபை மாமாவுக்கு அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் குற்றச்சாட்டுக்கும் பதில் தயாராக இருந்தது. காய்கறி சொத்தையாக வாங்கி வந்தாலும், கதவைத் தாழிட மறந்தாலும், "என்ன பண்றது ராஜி, கம்ப்யூட்டரே கைவிட்டுடுச்சு" என்பார். அக்காவின் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் மாமாவுக்கு எண்பது பூர்த்தியாகி, பெரிய மண்டபத்தில் விழா எடுத்தார்கள். மனையில் இருவரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். சங்கல்பத்துக்காகக் குருக்கள், "ரெண்டு பேர் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ" என்றார்.

மாமா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கையைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணக் கேட்டுக்குங்க. யாருத முதல்ல சொல்லணும்னு அதுக்குத்தான் தெரியும்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், கணக்குத் துறைத் தலைவியாக, பட்டுப்புடவையில் எழுந்து நின்று, "அத்தையோடத முதல்ல சொல்லுங்க" என்றேன்.

"இத அன்னைக்கே அந்த மிஷினுகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றார் ராஜேஸ்வரி அத்தை.